அந்தக் கருவியை வாங்குவார்களா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாள் எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அதனால்தான் தாமதம். இப்போது பொடி எழுத்துகளும் பளிச்சென்று தெரிகின்றன. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய்.

உன் மகள் வேலையை விட்டுவிட்டுத் தோழிகளோடு சேர்ந்து கருவி செய்கிறாள் என்ற செய்தியை மூன்று முறை படித்தேன். பேரப்பிள்ளைகளின் படங்கள் தானாக வந்து சேரும் கம்பியில்லாப் புகைப்படச் சட்டகம்! தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா, எனக்கும் பெருமையாக இருக்கிறது. மக்கள் வாங்குவார்களா என்று கேட்டிருக்கிறாய். வேகமான சிப், கூர்மையான திரை என்று அவள் சொல்வதையும் எழுதியிருக்கிறாய். அவை வேண்டியவைதான். ஆனால் இத்தகைய கருவிகளை விற்றும் பழுதுபார்த்தும் இத்தனை ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேகத்தால் மட்டும் வென்ற கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

1999ஆம் ஆண்டு உனக்கு நினைவிருக்கும். கைபேசியில் இணையப் பக்கங்களைக் காட்டும் முறையான வாப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதற்கென்று நோக்கியா 7110 கைபேசி வந்தது. ஒவ்வொரு முறையும் தொலைபேசி அழைப்புப் போல இணைப்பு ஏற்பட வேண்டும். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நிமிடங்களுக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தைப் படிப்பதற்குள் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அதே ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானில் டோகோமோ என்ற கைபேசி நிறுவனம் ஐ-மோட் என்ற கைபேசி இணையச் சேவையைத் தொடங்கியது. அதன் வேகமும் நொடிக்கு 9.6 கிலோபிட்தான், வாப் ஓடிய அதே வேகம்! ஆனால் அங்கே இணைப்பு எப்போதும் தயாராக இருந்தது. கட்டணம் நேரத்துக்கு அல்ல, வந்து சேர்ந்த தரவுக்கு மட்டும். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கலாம். யோசிப்பதற்குக் காசு இல்லை. ஒன்றரை ஆண்டில் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். பிறருடைய தளங்களுக்கான சந்தாவைத் தங்கள் மாத பில்லிலேயே வசூலித்து, 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அந்தத் தளங்களை நடத்தியவர்களிடமே கொடுத்தார்கள். சாதாரண வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவர்களால் ஐ-மோடுக்கும் எழுத முடிந்தது. பயன்படுத்துவதற்கு ஏதோ ஒன்று நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. இந்த அமைப்பைக் கண்டு நான் அன்று வியந்தேன், இன்றும் வியக்கிறேன்.

மின்னஞ்சலுக்காக வந்த கையடக்கக் கருவிகளான முதல் பிளாக்பெர்ரிகளையும் பார். சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைத் திரை. சாதாரண ஏஏ பேட்டரி ஒன்றில் ஓடியது. ஆனால் மின்னஞ்சலைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வந்து நின்றது. 2007இல் வந்த முதல் ஐபோனில் அன்றைய வேகமான இணைப்பான 3ஜி கிடையாது. கையில் எடுத்தவர்கள் அதை ஒரு குறையாகச் சொல்லிக் கீழே வைத்துவிடவில்லை. வலைப்பக்கத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் படித்தார்கள்.

உன் மகள் ஒரே ஒரு கருவியைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அதே ஆண்டு நவம்பரில் வந்த அமேசானின் மின்புத்தகக் கருவியான கிண்டிலைப் பார்க்கச் சொல். கணினி தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை, மாதக் கட்டணம் இல்லை. கைபேசி வலையமைப்பு அதற்குள்ளேயே இருந்தது. அதன் செலவை விற்றவர்களே ஏற்றுக்கொண்டார்கள். வாங்கியவருக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும் என்பதுதான். முதலில் விற்பனைக்கு வைத்தவை ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோயின.

அவளுடைய சட்டகத்தில் எனக்குள்ள பெரிய கவலை முதல் பத்து நிமிடம்தான். என் மேசைக்குத் திரும்பி வந்த கருவிகளில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. ஒரு முதியவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்றார். எனக்கு நெஞ்சு வலித்தது. தவறு அவருடையது அல்ல. வைஃபைக்கு இரண்டு அலைவரிசைகள் உண்டு. கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும்; அவர் கைபேசியோ 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இணைப்பில் இருந்தது. கருவி தந்த செய்தி 'இணைப்பு தோல்வி' என்ற இரண்டே சொல். அவர் தன் அறிவின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தால் அது யார் குற்றம்?

ஆகவே முடிந்தால் சட்டகத்துக்குள்ளேயே சிம்மை வைத்து, சில ஆண்டுகளுக்கான கட்டணத்தை விலையிலேயே சேர்த்துவிடட்டும். விலை கூடும் என்பாள். கூடட்டும், வைஃபை இல்லாத வீட்டிலும் அது பெட்டியிலிருந்து எடுத்த உடனே விழித்துக்கொள்ளும். வைஃபைதான் என்றால், படம் அனுப்பும் பிள்ளைகளின் வீட்டிலேயே எல்லா அமைப்பையும் முடித்து, பெரியவர்கள் மின்செருகியைச் செருகினால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

வந்த படங்கள் சட்டகத்திலேயே தங்க வேண்டும். நெஸ்ட் நிறுவனம் தான் வாங்கிய ரெவால்வ் என்ற நிறுவனத்தின் இணையச் சேவையை 2016இல் நிறுத்தியபோது, விளக்கு, பூட்டு போன்றவற்றை இயக்க மக்கள் காசு கொடுத்து வாங்கிய அதன் வீட்டுக் கருவிகள் அப்படியே செயலிழந்தன. நாளை அவள் நிறுவனத்துக்கு என்ன நேர்ந்தாலும் ஒரு பாட்டியின் சுவரிலிருந்து பேரன் முகம் மறையக் கூடாது. இதை அவளிடம் என் பெயரைச் சொல்லியே சொல்.

மாதிரிச் சட்டகம் தயாரானதும் ஒன்றை எனக்கு அனுப்பச் சொல். விளக்கக் குறிப்பு எதுவும் வேண்டாம். பெட்டியை என் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் எத்தனை முறை என்னைக் கூப்பிடுகிறாள் என்பதை எண்ணி உனக்கு எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்