குளத்துக்கு ஓர் ஆள்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே பர்மாவில் அம்மாவும் அப்பாயியும் சுகம். பணம் வந்து சேர்ந்தது. தை மாதத்திலிருந்து பணம்தான் வருகிறது, உன் குரலைக் காணோம். வேலை மும்முரமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் வாங்கிவிட்டான். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து பார்த்து, "மலேசியாப் பிள்ளை அனுப்பியதா?" என்று கேட்டார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் ராத்திரியில் குளத்தில் குழாயை இறக்கினால் கோடை நெல்லுக்குத் தண்ணீர் ஆயிற்று என்று அவனிடம் சொன்னாயாமே? அது குடிக்கிற குளம். ஐப்பசியோடு மழை விட்டால் வைகாசி வரை ஊருக்கே அந்தத் தண்ணீர்தான். 1992இல் அரசாங்கம் கோடை நெல் போடச் சொன்னபோதும் தாத்தா வாய்க்காலில்தான் இறைத்தார். ரங்கூனுக்கு எதிர்க்கரை டல்லாவில் கோடைதோறும் வாளியோடு வரிசையில் நிற்பதை நீயும் பார்த்தவன்தானே?

வயலுக்காவது நிலத்தை உழுது பயிரிடும் உரிமைக்கு அரசாங்கம் தரும் 7ஆம் படிவம் இருக்கிறது. குளத்துக்கு ஒரு காகிதமும் கிடையாது. சித்திரையில் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கிச் சேறு வாருகிறோமே, அதுதான் பட்டா. 2008இல் நர்கிஸ் புயலில் கடல் ஏறி, குளம் உப்பாகிப் போனது. இரவல் இன்ஜின் வைத்து அத்தனையையும் இறைத்துக் கொட்டினோம். தகரக் கூரையில் வழிந்த மழையை நீ குடத்தில் பிடித்துக்கொண்டு நின்றாய், ஒரு சொட்டு சிந்தாமல். அந்தப் பிள்ளையா இந்த யோசனை சொன்னது?

இந்த ஆண்டு சேறு வாரியவர்களில் மீசை கறுத்தவன் ஒருவனும் இல்லை. முழங்கால் சேற்றில் நானும் இறங்கினேன். கூடை கைமாறும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, இப்போது பரவாயில்லை. ஆள் வராத வீடு பணம் கட்டட்டும் என்கிறார்கள். இன்று பணம் கட்டுகிறவன் நாளை இரண்டு வாளி அதிகம் கேட்கமாட்டானா?

இதைப் படித்துவிட்டு நீ கிளம்பி வந்துவிடாதே. திருவிழாவுக்கும் வேண்டாம். டிக்கெட் விலை அதிகம். 2024இல் கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு ஊர் எப்படி இருக்கிறது என்று உனக்கே தெரியும். ராத்திரியில் இன்ஜின் சத்தம் கேட்டால் யார் யாரோ வருவார்கள். அண்ணனுக்கு இன்னும் முப்பத்தைந்து முடியவில்லை, ராணுவத்துக்குக் கூப்பிடுகிற வயதுதான்.

வாய்க்காலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி நீயே அவனுக்குப் போன் செய், பகலில் மட்டும் இறைக்கச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டான். உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்றும் பார்த்துச் சொல். டிக்கெட் எடுக்காதே.

அப்பா