கோடாலிக்குப் பதில் ஒரு கத்தி

அன்பின் குமரன்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்ததில் சந்தோசம். ஆனால் இந்த வயதில் நீ கூடாரமும் முதுகுப் பையுமாகக் காடு சுற்றக் கிளம்பியிருக்கிறாய் என்பதை வாசித்துவிட்டு, எழுதியது நீதானா என்று கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தேன். ஸ்கவுட் முகாமில் விறகு பொறுக்க அனுப்பினால் மரத்தடியில் படுத்துத் தூங்குகிறவன் நீ! இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் குளிர் தொடங்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும்.

சரி, நீ கேட்ட கத்திக்கு வருகிறேன். இங்கே வடக்கில் ரெயின்டியர் (பனிமான்) மேய்க்கிற பழங்குடிகளான சாமி மக்களின் பெரிய கத்தி ஒன்று இடுப்பில் இருந்தால் கோடாலியே தேவையில்லை என்று யாரோ உனக்குச் சொன்னது பாதி உண்மை. நோர்வேயின் வட கோடியில், எங்கள் ஃபின்மார்க் மேட்டுநிலத்தில் அது முழு உண்மை. உன்னுடைய ஒன்ராறியோக் காட்டில் அப்படியில்லை.

காரணம் மரம்தான். இங்கே கராஷோக், கவுத்துகெய்னோ ஊர்கள் பக்கம் வளர்வது பெரும்பாலும் மலை பிர்ச் என்ற மரம். குட்டையாக, கோணலாக நிற்கும். கைத் தடிப்பு இருந்தாலே பெரிய மரம். அதற்குக் கோடாலி தூக்கிக்கொண்டு போவது வீண் பாரம். இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடின அகலமான அலகு, மழுங்கிய தடித்த முதுகு, சரியான எடை: வீசி வெட்டினால் கிளை விழும், முதுகில் ஒரு கட்டையால் தட்டினால் விறகு பிளக்கும். நம்மூர்க் காட்டுக்கத்தியை நேராக்கி உறைக்குள் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. கூடாரக் கம்பு வெட்ட, மஜ்ஜை எடுக்க ரெயின்டியர் எலும்பு உடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். உன் பக்கத்து மேப்பிள் கட்டையில் இந்த வேலையைக் காட்டினால் தோள்தான் கழன்று போகும்.

நான் மீன் ஆலையில் இருந்த காலத்தில் கூட வேலை செய்த சாமிக்காரர் ஒருவர், தன் மைத்துனரின் மந்தையைப் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார். கன்றுகளுக்குக் காது அடையாளம் வைக்கும் கோடைகாலம். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது, விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. மைத்துனர் பெரிய கத்தியால் ஒரு பிர்ச் கட்டையை நாலாகப் பிளந்து நனைந்த வெளிப்பக்கத்தைச் செதுக்கி எறிந்தார். உள்ளே இருந்த காய்ந்த மரத்தை முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, நுனிவரை சுருள் சுருளாகச் சீவினார், ஆனால் ஒன்றையும் அறுத்து விழுத்தவில்லை. அந்தச் சுருள் குச்சிக்கடியில் பிர்ச் பட்டையை வைத்துக் கொளுத்தினார். எனக்குக் குளிர் விடுவதற்குள் கோப்பி கொதித்துவிட்டது.

அப்புறம் கன்று வந்ததும் பெரிய கத்தி உறைக்குள் போய்விட்டது. எடுத்தது சின்னக் கத்தி, விரல் நீளம்தான் இருக்கும். சுருக்குக் கயிறில் பிடித்த கன்றைக் கால்களுக்கிடையில் வைத்து, காதில் தங்கள் குடும்ப அடையாளத்தை நாலைந்து வெட்டில் முடித்தார். வெட்டிய காதுத் துண்டுகளை எறிவதில்லை. கடைசியில் எத்தனை கன்று என்று கணக்குப் பார்ப்பது அவற்றை எண்ணித்தான். தோல் உரிப்பதும் இறைச்சி அரிவதும்கூடச் சின்னதால்தான். ஆகவே, ஒரே கத்தி போதும் என்ற கதை சாமி மக்களிடமே இல்லை, மச்சான். இரண்டையும் ஒரே உறையில் சொருகுகிற இரட்டை உறைகூட உண்டு.

எனக்குப் பிடித்தது அலகைவிடப் பிடிதான். பிர்ச் மரம், சிலதில் ரெயின்டியர் கொம்பும் சேர்ந்திருக்கும். கராஷோக்கில் 1886 புத்தாண்டன்று மைனஸ் 51.4 டிகிரி பதிவானது. இன்றைக்கும் நோர்வேயின் சாதனை அதுதான். அந்தக் குளிரில் வெறும் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், மரம் ஒன்றும் செய்யாது. பிடியின் கடைசி அகன்றிருப்பதால் தடித்த கையுறையோடு உருவலாம். உறை பாதிப் பிடிவரை விழுங்கிவிடும், விழுந்து எழும்பினாலும் கத்தி தொலையாது. ஒன்று கவனி: விரல் அலகுக்கு வழுக்காமல் தடுக்கிற குறுக்குத் தடை இதில் கிடையாது. குத்துகிற வேலைக்கு எடுக்காதே.

வாங்குவதென்றால் கார்பன் எஃகில் எட்டு அங்குல அலகு போதும். துருப்பிடிக்கும்; துடைத்து எண்ணெய் பூசிவிடு. கராஷோக்கில் ஸ்ட்ரோமெங் குடும்பம் தலைமுறைகளாகச் செய்வது வேலைக்கான கத்தி. கொம்புறையில் கோலம் செதுக்கி, கோடுகளில் ஆல்டர் மரப் பட்டைச் சாயம் தேய்த்த கைவேலைக் கத்திகள் வேறு. சுவீடனில் யொக்மொக் குளிர்காலச் சந்தையில் பார்த்தால் கண் எடுக்க முடியாது. அந்தச் சந்தை 1605இலிருந்து நடக்கிறது, பெப்ரவரி முதல் வியாழன் தொடங்கும். அங்கே வாங்கினால், அசல் சாமி கைவேலை என்று காட்டும் ‘சாமி துவொய்’ முத்திரை இருக்கிறதா என்று பார். சுற்றுலாக் கடைகளில் போலி ஏராளம். விலையைப் பார்த்தால் விறகு பிளக்க மனம் வராது, அதனால் உனக்கு அது வேண்டாம்.

என்னைக் கேட்டால், உன் காட்டுக்கு மரம் அறுக்கிற ஒரு சின்ன மடக்கு வாளும் விரல் நீளக் கத்தியும் வாங்கு. பெரியதை இங்கே வந்து பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய். வரும் ஓகஸ்டில் வந்தால் நுளம்பு குறைந்திருக்கும். ஆனால் இடுப்பில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குள் திரிய முடியாது. வேலைக்கோ காட்டுக்கோ போகிறவனுக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது.

அம்மாவின் கண் ஒப்பரேஷன் திகதி குறித்தாயிற்றா? மறக்காமல் எழுது. டிக்கெட் போடுமுன் சொல்லு, நானும் லீவு கேட்க வேண்டும்.

அன்புடன்,
ரவி
ஆல்ட்டா