சமுதாயக்கூடத்தையும் திறந்துவிடுங்கள்

ஐயா,

எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாழ அரசு அமைத்த குடியிருப்புகளான சமத்துவபுரங்களின் வீடுகளைச் சீரமைப்பது பற்றிய செய்தி கண்டேன், நல்லது. ஆனால் சுவரையும் கூரையையும் மட்டும் பூசினால் போதாது. 1997இல் தொடங்கிய இத்திட்டம் நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, இதர வகுப்பினருக்கு 10 என ஒதுக்கியது, மக்கள் கலந்து பழகட்டும் என்றுதானே? அந்தப் பழக்கம் பொது இடங்களில்தான் வளரும்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சமத்துவபுரத்தில் சமுதாயக்கூடம் பூட்டியே கிடக்கிறது, பூட்டும் துருப்பிடித்துவிட்டது. காதுகுத்து, வளைகாப்பு என்றால் அவரவர் சாதி மண்டபத்துக்குப் போகிறார்கள். பிறகு ஒதுக்கீட்டுக் கணக்கால் என்ன பயன்? சீரமைப்பு நிதியில் ஒரு பங்கைச் சமுதாயக்கூடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் தனியே ஒதுக்கி, எல்லா வகுப்பினரும் உள்ள குடியிருப்போர் குழுவிடம் பராமரிப்பை ஒப்படைக்கலாம்.

- வாசகர், மதுரை மாவட்டம்