மீசையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு

நாவல்களில் வரும் தில்லுமுல்லு ஓவிய வியாபாரி சார்லி மோர்டெகாயைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும், இனி என்றாவது அவனைத் தொட்டுப் பார்க்க நினைக்கப்போகும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். 2015 ஜனவரியில் வந்த ‘மோர்டெகாய்’ படத்துக்கு இப்போது என்ன மடல் என்று கேட்பீர்கள். கிரில் பொன்ஃபிலியோலி எழுதிய மோர்டெகாய் நாவல்களில் முதலாவதை மறுபடி எடுத்துப் படித்தேன். பழைய எரிச்சல் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நாவல் எப்படித் தொடங்குகிறது? செதுக்கு வேலைப்பாடும் தங்கப்பூச்சும் கொண்ட பழைய படச்சட்டம் ஒன்று கணப்பில் எரிகிறது. தங்கத்தால் தீக்கு மயில் கழுத்து நிறம் வந்துவிடுகிறது. அதை மோர்டெகாய் ரசித்துக்கொண்டிருக்கும்போது மார்ட்லண்ட் என்ற போலீஸ் அதிகாரி உள்ளே வருகிறார். ஸ்பானிய ஓவியர் கோயாவின் ஓவியம் ஒன்று களவுபோயிருக்கிறது. தடயம் அதிகாரியின் கண்ணெதிரே சாம்பலாகிறது. நம்ம ஆள் நெருப்பின் அழகைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறான்! செய்வது திருட்டு, பேசுவது ரசனை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

கிரில் பொன்ஃபிலியோலி தானே ஓவிய வியாபாரியாக இருந்தவர். அந்தத் தொழிலின் தில்லுமுல்லுகளை உள்ளிருந்து பார்த்தவர். அதனால்தான் மோர்டெகாயின் பொய்யில்கூட ஒரு தொழில் நேர்த்தி இருக்கிறது. முதல் நாவலுக்கே 1973-இல் குற்றப்புனைவுக்கான ஜான் கிரீசி விருது கிடைத்தது. 1985-இல் அவர் இறந்தபோது நான்காவது நாவல் முடியாமல் கிடந்தது; அதைக் கிரெய்க் பிரவுன் முடித்துவைத்தார். மோர்டெகாயின் மீசைதான் அந்த நாவலின் தலைப்பிலேயே இருக்கிறது.

நீங்கள் பிடித்துக்கொண்டது அந்த மீசையைத்தான். படத்தில் மனைவி ஜொஹானாவுக்கு மீசை பிடிக்கவில்லை, முத்தமிட்டால் குமட்டுகிறது. சரி, ஒரு தடவை சிரிக்கலாம். அதையே திரும்பத் திரும்பக் காட்டினால்? விளம்பரத்தில் ஜொஹானாவாக நடித்த க்வினெத் பால்ட்ரோ உட்பட எல்லோருக்கும் மீசை ஒட்டிவிட்டீர்கள். புத்தகத்து மோர்டெகாய் தொப்பை போட்ட, குடியும் தீனியுமாக வாழ்கிற நடுவயதுக்காரன். கோழை என்று தானே ஒப்புக்கொள்வான். ஜானி டெப்பின் மோர்டெகாய் பல் இடுக்கைக் காட்டி முகத்தைச் சுளிக்கிறான். முன்னவன் தன்னை அறிவாளி என்று நம்பி மாட்டிக்கொள்கிறவன். பின்னவன் கோமாளி என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது, அப்புறம் அவிழ்வதற்கு என்ன மிச்சம்?

இயக்குநர் டேவிட் கெப் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. ‘ஜுராசிக் பார்க்’ திரைக்கதையில் பங்கெடுத்தவர். அடியாள் ஜாக்காகப் பால் பெட்டனி பொருந்தித்தான் இருந்தார் (எனக்கு அவருக்காகத்தான் கடைசிவரை உட்கார முடிந்தது). ஏறக்குறைய 6 கோடி டாலர் செலவழித்து, உலகம் முழுக்க 5 கோடியைக்கூட எட்டாமல் நின்றீர்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல உங்களுக்கு மீசையும் ஒட்டுமீசையாகப் போய்விட்டது.

‘நான்’ என்று தன்மையில் சொல்லப்படும் கதையைப் படமாக்குவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். பின்னணிக் குரல் போட்டுவிட்டால் அது தீராது. அவன் வாய் ஒன்று சொல்லும்போது கேமரா வேறொன்றைப் பார்க்க வேண்டும். அந்த நாவல்களில் ரத்தமும் நிஜம், பயமும் நிஜம். முதல் நாவலின் முடிவில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக் குகை ஒன்றில் அவன் பதுங்கிக் கிடக்கும்போது நமக்குச் சிரிப்பு வந்தாலும் வயிறு கலங்குகிறது. நீங்களோ துரத்தல், குட்டிக்கரணம் என்று அதைக் குழந்தை விளையாட்டாக்கிவிட்டீர்கள். முதல் நாவலில் ஜொஹானா வேறொருவரின் மனைவி; அவளை ஆரம்பத்திலேயே இவனுக்குக் கட்டிவைத்ததில் அந்த ஆபத்தும் போயிற்று.

மறுபடி எடுப்பதாக இருந்தால் ஒரு தடித்த நடிகரைத் தேடுங்கள். கணப்பில் எரியும் அந்தச் சட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். மீசையை நான்காவது படத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவரை போனால்.

இப்படிக்கு,
மோர்டெகாயை இன்னும் கைவிடாத ஒரு வாசகன்