விசா வேறு, தஞ்சம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டைவிட்டு வெளியேறிய ஒரு மன்னரோ அதிபரோ எந்த ஊரில் விமானம் இறங்கினாலும், நம் நாளிதழ்களில் ‘தஞ்சம் புகுந்தார்’ என்றே தலைப்பு வருகிறது. இதைச் சொல் வழக்கு என்று விட்டுவிட முடியாது. தஞ்சம் என்றால் அந்நாடு பாதுகாப்புத் தந்து தங்கவைக்க ஒப்புக்கொண்டது என்று பொருள்; விசா வெறும் நுழைவு அனுமதி. இரண்டையும் குழப்பினால் செய்தியே மாறிப்போகிறது.

ஈரான் மன்னர் முகமது ரெசா பஹ்லவியின் அலைச்சலைப் பாருங்கள். புரட்சி வலுத்த நிலையில் 1979 ஜனவரி 16 அன்று அவர் தெஹ்ரானிலிருந்து கிளம்பியபோது, ஓய்வுக்காகச் செல்வதாகத்தான் அறிவிப்பு. முடி துறக்கவில்லை, ஏப்ரலில் ஈரான் குடியரசாகும்வரை அவரை ‘முன்னாள் மன்னர்’ என்று எழுதுவதே தவறு. எகிப்திலும் மொராக்கோவிலும் அவர் ஆட்சியாளர்களின் விருந்தாளி. பஹாமாஸில் கையில் இருந்தது விசா மட்டும். ஜூனில் அதை நீட்டிக்க மறுத்ததும் மெக்சிகோ போனார். அக்டோபர் 22இல் நியூயார்க் வந்தது புற்றுநோய், பித்தப்பைக் கல் சிகிச்சைக்கான அனுமதியில். அமெரிக்கா அவருக்குத் தஞ்சம் தரவில்லை. ஆனால் அமெரிக்க உதவியோடு மன்னரின் ஆட்சியை நிலைநிறுத்திய 1953 ஆட்சிக் கவிழ்ப்பை மறக்காத தெஹ்ரானில் அந்த விளக்கத்தை நம்புவார் இல்லை. நவம்பர் 4இல் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. 52 பேர் 444 நாள் பிணைக் கைதிகளாக இருந்தார்கள். சிகிச்சை முடிந்து திரும்பலாம் என்றிருந்தபோது மெக்சிகோவும் கையை விரித்தது. பிறகு டெக்சாஸ் விமானப்படைத் தளம், பனாமாவின் கோன்டதோரா தீவு. அவரை ஒப்படைக்கக் கோரும் ஈரானின் மனு தாக்கலாக இருந்த நேரத்தில், 1980 மார்ச் 23 அன்று பனாமாவைவிட்டுக் கிளம்பினார். எகிப்தில் அதிபர் அன்வர் சதாத் நிரந்தரமாகத் தங்க இடம் கொடுத்தார். இத்தனை நாடுகளில் தஞ்சம் என்ற சொல் முழுப் பொருளில் பொருந்துவது அங்கே மட்டும்தான். அவருடைய தந்தை ரெசா ஷா 1941இல் பிரிட்டிஷாரால் மொரீஷியஸ் கொண்டுபோகப்பட்டதோ நாடுகடத்தல்.

மறுப்புகள் பெரும்பாலும் அறிக்கையாக வருவதில்லை. பிரிட்டனுக்கு வர வேண்டாம் என்று மன்னரிடம் சொல்ல, ஈரானில் பிரிட்டனின் முன்னாள் தூதர் டெனிஸ் ரைட் 1979 மே மாதம் ‘எட்வர்ட் வில்சன்’ என்ற பொய்ப்பெயரில் பஹாமாஸ் போனார். ஆகவே, மறுப்பு வெளிவராததை வைத்து ‘வரவேற்கத் தயார்’ என்று எழுதிவிடக் கூடாது.

செய்தி மேசையில் பார்க்க வேண்டியவை: எந்த அனுமதியில் நுழைந்தார், எத்தனை நாளுக்கு, தஞ்சம் கேட்டு மனு கொடுத்தாரா, இதைச் சொன்னது அந்நாட்டு வெளியுறவு அமைச்சகமா, கூட வந்தவரா. செய்தி முகமை அனுப்பும் ‘கோருகிறார்’ நம் மொழிபெயர்ப்பில் ‘பெற்றார்’ ஆகிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. விடை கிடைக்காதவரை ‘வந்து சேர்ந்தார்’, ‘தங்கியிருக்கிறார்’ என்பதே போதும். 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்ச சிங்கப்பூரில் இறங்கியதும், இது தனிப்பட்ட பயணம், அவர் தஞ்சம் கேட்கவும் இல்லை, தரப்படவும் இல்லை என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் அன்றே தெளிவாகச் சொன்னது. அதைத் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அயல்நாட்டுச் செய்திப் பிரிவில் பணியாற்றிய வாசகர், மதுரை