இருபத்தெட்டரை மில்லிமீட்டர்

மண்டபம்,
மாசி மாதம்.

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உன் மகள் கேமரா வாங்கிவிட்டாள் என்றதும், "அவ தாத்தா கையி அவளுக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். இங்கே எல்லாரும் நலம். வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது, வடகடல் மறுபடி குளம் மாதிரி கிடக்கிறது.

நீ கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். மாமாவின் 50, 105 மில்லிமீட்டர் நிக்கான் லென்ஸ் இரண்டையும் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாய். "இது ஃபிலிம் காலத்துச் சாமான், இந்த சோனியில மாட்டாது, ஷோகேஸ்ல வைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நீயும் பழைய தோல் பையிலேயே திரும்பப் போட்டு வைத்துவிட்டாய். மாப்ளே, அது மாட்டும். நடுவில் ஒரு வளையம் போட்டால் போதும்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வைத்துக் காய்ந்த பனையோலையைப் பொசுக்குவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஓலைக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்தாலும் வெளிச்சம் பரந்துவிடும், எட்டப் பிடித்தாலும் பரந்துவிடும். ஒரே ஒரு தூரத்தில்தான் புள்ளியாகக் குவிந்து புகையும். கேமரா லென்ஸுக்கும் அதே கணக்குதான். லென்ஸின் மாட்டு வளையத்திலிருந்து ஃபிலிமுக்கோ சென்சாருக்கோ எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் ஒரு அளவாக வைத்திருக்கிறது. நிக்கானுக்கு 46.5 மில்லிமீட்டர், 1959ல் வைத்த அளவு. அந்தக் கேமராக்களுக்குள் முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட வேண்டியிருந்ததால் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. மிரர்லெஸ் என்கிற இந்தக் காலத்துக் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. உன் மகள் வைத்திருக்கும் சோனியில் அந்தத் தூரம் வெறும் 18 மில்லிமீட்டர். 46.5ல் 18 போனால் மிச்சம் 28.5. அந்த இருபத்தெட்டரை மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு பக்கம் நிக்கான் மாட்டும், மறுபக்கம் சோனியில் மாட்டும் ஓர் உலோக வளையம்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி இல்லை, கம்பி இல்லை, வெறும் காற்று. மாமாவின் லென்ஸ் பழைய கேமராவில் எங்கே உட்கார்ந்திருந்ததோ, சென்சாரிலிருந்து அதே தூரத்தில் மறுபடி உட்காரும். அதனால்தான் படத்தின் தரம் ஒரு பொட்டும் குறையாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஒரு கேனன் எஃப்டி 50 மில்லிமீட்டர், 1.4 இருந்தது உனக்குத் தெரியும். கேனன் 1987ல் மாட்டும் முறையையே மாற்றிவிட்டது. பழைய எஃப்டி முறைக்கு 42 மில்லிமீட்டர், புதிதாக வந்த இஎஃப்புக்கு 44. கேமராவே லென்ஸுக்குத் தேவையானதைவிட ஆழமாகிவிட்டால் வளையம் போட இடம் ஏது? உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு வைத்த அடாப்டர் போட்டால்தான் தூரத்துக் காட்சி தெளியும், அதுவும் படத்தை மழுக்கிவிடும். இனி இது உதவாது என்று நானே முடிவு கட்டி, கிட்டத்தட்ட எடைக்குப் போடுகிற விலைக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு மிரர்லெஸ்ஸாக 2008ல் பானாசோனிக் ஜி1 வந்தது, 2010ல் சோனி நெக்ஸ் வந்தது. எஃப்டி லென்ஸ்களைத் தேடித்தேடி வாங்கினார்கள். கையில் இருந்ததைக் கொடுத்தவன் நான். நீ அப்படிச் செய்துவிடக் கூடாது.

இப்போது என்னிடம் இருப்பது சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தபோது கொண்டுவந்த ஜெனிட் கேமராவின் லென்ஸ். ஹீலியோஸ் 44-2, ரஷ்யாக்காரன் செய்தது, 58 மில்லிமீட்டர். திருகி மாட்டுகிற எம்42 வகை. அதற்கு நான் வாங்கிய முதல் அடாப்டர் என்னை நன்றாக அலையவிட்டது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்றுகொண்டு கலங்கரை விளக்கத்தை எடுக்கிறேன், ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் விளக்கு மசங்கலாகவே இருக்கிறது. லென்ஸில்தான் கோளாறு என்று ஒரு வாரம் மனசு சரியில்லை. கடைசியில் பார்த்தால் அடாப்டர் ஒரு மயிரிழை தடிமன் கூடுதல். லென்ஸ் அவ்வளவு தள்ளி நின்றாலே எட்டத்தில் இருப்பது எதுவும் குவியாது. இரண்டாவது வாங்கியது நேர்மாறு. வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்திருக்கிறார்கள். அதில் எட்டத்துக் காட்சி தெளிந்த பிறகும் வளையம் இன்னும் கொஞ்சம் திரும்பும். ஆகவே லென்ஸில் கடைசித் தூரத்துக்குப் போட்டிருக்கும் படுத்த எட்டுக் குறியை நம்பி வளையத்தை முட்டவிட்டு எடுக்காதே. திரையைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கொடுத்தால் கிடைத்துவிடும். ஆனால் மாட்டிய பிறகு லென்ஸைப் பிடித்து ஆட்டிப் பார், ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

இன்னொன்றும் பார்த்தேன். அரிச்சல்முனை மணலில் உச்சி வெயிலில் எடுத்த படங்களில் எல்லாம் நடுவில் வெள்ளை மூடாக்கு விழுந்திருந்தது. அடாப்டரின் உள்பக்கம் பளபளவென்று இருந்ததுதான் காரணம். உள்ளே கறுப்பு வெல்வெட் துணியை வெட்டி, நூல் பிரியாமல் ஒட்டினேன். மூடாக்கு போய்விட்டது.

மகளிடம் சொல்: மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும், அதை முதலில் போட வேண்டும். லென்ஸிலிருந்து கேமராவுக்கு எந்தச் செய்தியும் போகாததால், எதுவுமே மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு அது படமே எடுக்காது. கை ஆட்டத்தைத் தாங்கும் வசதி கேமராவுக்குள்ளேயே இருந்தால் அதற்கு 50 என்றோ 105 என்றோ கையால் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளிச்சம் நுழைகிற துளையான அப்பர்ச்சரை லென்ஸின் வளையத்திலேயே திருப்ப வேண்டியதுதான். எஃப் 8 வைத்தால் துளை அப்போதே சுருங்கிவிடும், ஆனாலும் திரை தானே வெளிச்சம் கூட்டிக் காட்டிவிடும்.

ஃபோகஸ்தான் அவள் உட்கார்ந்து பழக வேண்டியது. தெளிந்த விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும் பீக்கிங் என்ற வசதி இருக்கிறது. நம் கடற்கரையில் அதை முழுதாக நம்பக் கூடாது. அலையில் வெயில் மின்னினாலே திரை முழுக்கச் சிவந்துவிடும், ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று தெரியாது. அப்பர்ச்சரை அகலத் திறந்திருக்கும்போது சிவப்பு கண்ணில் நிற்கும், தெளிவு மூக்கில் நிற்கும். ஆகவே திரையைப் பெரிதாக்கி இமை முடியைப் பார்த்துத் திருப்பச் சொல். மாமா நம்மிடம் சொன்னதும் அதுதானே? "கண்ணுல மயிரு தெரியணும்டா, மிச்சமெல்லாம் தானா வரும்."

போன மாதம் தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிற இடத்தில் மூன்று நாள் நின்றேன். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து இழுக்கிறவர்களை ஆட்டோ ஃபோகஸ் போட்டு எடுத்தால், குறுக்கே போகிற கயிறிலேயே போய் நின்றுவிடுகிறது. ஹீலியோஸை மாட்டினேன். எஃப் 8, தூரம் 5 மீட்டர் என்று வைத்துவிட்டேன். என் கேமராவில் அப்படி வைத்தால் நாலு மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை தெளிவாக விழும். பிறகு வளையத்தைத் தொடவே இல்லை. ஆட்கள் அந்த எல்லைக்குள் வரும்வரை காத்திருந்தேன், வந்ததும் அமுக்கினேன். கடைசி ஆளாக இழுத்த பெரியவர் முதல் நாள் என்னைக் கேமராக்காரனாகப் பார்த்தார். மூன்றாம் நாள் பார்க்கவே இல்லை. அந்தப் படம்தான் இந்த வருஷத்தில் நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது. வலையின் மடியில் விழுந்தது காரல் மீனும் சூடை மீனுமாக ஒரு கூடைகூட இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து அவர் பேரனை உடைமரத்து ஓரம் நிறுத்தி எடுத்தேன். பின்னால் இருந்த இலையெல்லாம் நீர்ச்சுழியில் மாட்டின மாதிரி அவன் தலையைச் சுற்றி வளைந்து நிற்கிறது. அந்த லென்ஸுக்கே உரிய குணம் அது.

மாமாவின் 105 மில்லிமீட்டர் 2.5க்கு அந்தச் சுழல் வராது. அது அமைதியான லென்ஸ். ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரர் 1984ல் ஆப்கன் சிறுமியைப் படம் எடுத்தது அதே 105, 2.5 நிக்கானில்தான். உன் மகளின் கேமராவில் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது, ஏபிஎஸ்-சி என்கிற வகை. அதனால் எல்லாம் ஒன்றரை மடங்கு, 105 மாட்டினால் 157 போலத் தெரியும், 50 மாட்டினால் 75 போல. முகம் எடுக்க 50ஐ முதலில் கொடு. 105க்கு அவள் நாலு எட்டு பின்னால் போக வேண்டியிருக்கும், வீட்டுக்குள் சுவர் இடிக்கும்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. கோதண்டராமர் கோயில் பக்கத் தண்ணீரில் பூநாரைகள் இன்னும் நிற்கின்றன. நிற்கும்போது எடுக்கலாம், கூட்டமாகக் கிளம்பினால் கை வளையத்தால் துரத்த முடியாது. கல்யாண வேலைக்கும் வேண்டாம், தாலி கட்டுகிற நேரம் நமக்காக நிற்காது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லென்ஸ் இருபது வருஷமாகத் தோல் பைக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதில் முக்கால்வாசி வருஷம் ராமநாதபுரம் வீட்டு அலமாரியில், உப்புக் காற்றில். மாட்டுமா என்பதைவிட எனக்கு அந்தக் கவலைதான் பெரிது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது மெத்தை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பையிலிருந்து எடு. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமாக டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பார். தூசி தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்ட நூல் தெரிந்தால் பூஞ்சை. நீயாகத் திறக்காதே, லென்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடு. ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும், விட்டுவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருந்தால் பயப்படாதே. பழைய கேமராவில் அமுக்குகிற நொடியில் இதழ் சட்டென்று சுருங்கியாக வேண்டும், அடாப்டரில் அந்த அவசரம் இல்லை. பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வை. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும், நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம் சரியான அளவு.

அந்தப் பையை மாமா போனபின் திறக்க உனக்கு மனசு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைக்குக் கொண்டுபோனபோதுகூட லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டாய். 105ன் ஃபோகஸ் வளையத்தில் ரப்பர் ஓர் இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும், மாமாவின் கட்டைவிரல் பட்ட இடம். டார்க்ரூமில் சிவப்பு விளக்கில் நாம் பேப்பர் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் வெளியே அதைத் திருப்பித் திருப்பித் துடைப்பார். உன் மகள் கையில் அது திரும்பட்டும். முழுப் பரீட்சை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது, 1914லிருந்து ஓடிய பாலம். பக்கத்திலேயே புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து ரயில் போகிறது. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைக்க 50 போதும், எங்கே நிற்க வேண்டும் என்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார்கள், வரும்போது வாங்கிக்கொள்.

உன்
மச்சான்

பி.கு.: அப்பர்ச்சர் வளையத்தின் மேல் முயல் காது மாதிரி ஒரு உலோகத் துண்டு நிற்கிறதா, அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து எழுது. எந்த வருஷத்து லென்ஸ் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடாப்டருக்கு எது இருந்தாலும் சரிதான், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.