குதிரைகளுக்கும் வழி விடுங்கள்: திரைப்படச் சங்கங்களின் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் திரைப்படச் சங்கங்களை நடத்திவரும் நண்பர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளாக உங்கள் திரையிடல்களுக்கு வந்துகொண்டிருப்பவன் நான். மொட்டை மாடியில் கட்டிய வெள்ளைத் துணி, கடன் வாங்கிய நாற்காலிகள், பாதிப் படத்தில் நின்றுவிடும் புரொஜெக்டர். இவற்றுக்கு நடுவே உட்கார்ந்துதான் ஜப்பானையும் ஈரானையும் போலந்தையும் பார்த்தேன். சம்பளமில்லாமல், கைக்காசு போட்டு இதைச் செய்கிறவர்கள் நீங்கள். அந்த நன்றி எனக்குக் குறையாது. உங்களிடம் இதைக் கேட்கும் உரிமையும் அதிலிருந்துதான் வருகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் தேர்வுக் கூட்டத்தில் ஒரு பட்டியலைக் கொடுத்தேன். ஆறு வெஸ்டர்ன் படங்கள், அதாவது பழைய அமெரிக்க மேற்கின் குதிரைவீரர் கதைகள், மாதம் ஒன்று. பட்டியலைப் பார்த்த ஒருவர், கௌபாய் படங்களுக்கு நம் மேடை எதற்கு, அவை துப்பாக்கி விளையாட்டு என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அது எந்த ஊர்ச் சங்கம் என்பது இங்கே வேண்டாம். இதே பதிலை வேறு இரண்டு ஊர்களிலும் கேட்டிருக்கிறேன். அன்று எனக்கு வாய் வரவில்லை. அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். 1970களின் கடைசியில் ஒருநாள் திருச்சிக்கு வேலையாகப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போய் 'மெக்கன்னாஸ் கோல்ட்' படத்துக்கு டிக்கெட் எடுத்தார். 1969இல் வந்த படம், மறுவெளியீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்வதுபோல் கோடு விழுந்த பிரதி. அவருக்கு அது மூன்றாவது முறை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் அந்தப் படம் சரியாகப் போகவில்லை. இந்தியாவிலோ ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் திரையிட்டார்கள், ஒவ்வொரு முறையும் கூட்டம் வந்தது.

விடியற்காலையில் ஒற்றைப் பாறையின் நிழல் நீண்டுகொண்டே போய் மலைக்குள் நுழையும் வழியைக் காட்டுமே, அந்தக் காட்சியில் முறுக்கு விற்கிற பையன் தட்டோடு நடைபாதையிலேயே நின்றுவிட்டான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா பேசிக்கொண்டே வந்தார். தங்கம் என்றதும் நல்லவன் கெட்டவன் எல்லோருடைய கண்ணும் ஒரே கண்ணாகிவிடுகிறது, சந்தையில் நல்ல காளை இறங்கும்போது ஆவதைப் போல என்றார். ஒரு வசனமும் புரியாமல் பார்த்த மனிதர் சொன்னது இது. அந்தப் படம் ஒரு மகத்தான படைப்பு என்று நான் வாதாட வரவில்லை. அதில் இழுவையும் உண்டு, அசட்டுத்தனமும் உண்டு. ஆனால் நிலத்தையும் முகத்தையும் வைத்தே கதை சொல்லும் ஒரு மரபின் பிள்ளை அது. அந்த மரபுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதில்லை.

அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதித் தயாரித்தவர் கார்ல் ஃபோர்மன். உங்கள் கூட்டத்தில் இந்தப் பெயரைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். 1952இல் வந்த 'ஹை நூன்' படத்தை எழுதியவரும் அவரே. அது உருவாகிக்கொண்டிருந்தபோது, 1951இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை விசாரணைக்கு அழைத்தது. மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். ஹாலிவுட்டில் அவருக்கு வேலை இல்லாமல் போனது. இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகியதைத்தான் அவர் அந்தக் கதைக்குள் வைத்தார். பகல் பன்னிரண்டு மணி ரயிலில் கொலைகாரன் வருகிறான். ஊர்க் காவல் அதிகாரி வீடு வீடாக, மதுக்கடையாக, தேவாலயமாகப் போய்த் துணைக்கு ஆள் கேட்கிறார். நேற்றுவரை கைகுலுக்கியவர்கள் இன்று கதவைத் திறப்பதில்லை. படம் ஓடும் நேரமும் கதை நடக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. சுவர்க் கடிகாரம் அடிக்கடி திரையில் வந்து நம்மை அதட்டுகிறது. கடைசியில் எல்லாம் முடிந்து ஊரார் வெளியே வரும்போது அவர் தன் பதவியின் நட்சத்திரச் சின்னத்தைக் கழற்றி மண்ணில் போட்டுவிட்டுப் போகிறார்.

இது துப்பாக்கி விளையாட்டா? துப்பாக்கி வெடிப்பது கடைசிச் சில நிமிடங்களில்தான். அதற்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நாம் பார்ப்பது ஒரு ஊரின் கோழைத்தனத்தை.

படம் வந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1989 ஜூன் 4 அன்று, போலந்தில் தேர்தல். சாலிடாரிட்டி என்ற தொழிலாளர் இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில் நின்றவர் 'ஹை நூன்' படத்தில் அந்தக் காவல் அதிகாரியாக நடித்த கேரி கூப்பர். அவருடைய கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு. 'சரியாக நண்பகலில்' என்று கீழே எழுதியிருந்தது. அமெரிக்காவில் கம்யூனிச வேட்டைக்கு ஆளானவர் எழுதிய கதை, போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக நின்றவர்களுக்குக் கொடியானது. இரண்டு பக்கமும் அதில் தங்களைக் கண்டார்கள், இருவரும் தவறாகப் பார்க்கவில்லை. வெஸ்டர்ன் படங்கள் ஏன் தலைமுறை தாண்டியும் நிற்கின்றன என்று என்னைக் கேட்டால் இந்தச் சுவரொட்டியைத்தான் காட்டுவேன். ஊர் ஒதுங்கும்போது நீ நிற்பாயா என்ற கேள்வியை இவ்வளவு வெறுமையான மேடையில், இவ்வளவு குறைந்த பொருட்களோடு, வேறு எந்த வகைப் படமும் கேட்டதில்லை. ஒரு தெரு, ஒரு கடிகாரம், ஒரு மனிதன். மற்றதை அந்தந்தத் தலைமுறை தானே நிரப்பிக்கொள்கிறது.

இந்த மரபு தனக்குள்ளேயே ஓயாமல் சண்டை போட்டும் வந்திருக்கிறது. 'ஹை நூன்' பிடிக்காத இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸும் நடிகர் ஜான் வேயினும் அதற்கு மறுப்பாகவே 1959இல் 'ரியோ பிராவோ' எடுத்தார்கள். காவல் அதிகாரி ஊராரிடம் கெஞ்சக் கூடாது என்பது அவர்கள் கட்சி. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போட்டுப் பாருங்கள், உங்கள் கலந்துரையாடல் நள்ளிரவைத் தாண்டும்.

நீங்கள் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவைக் கொண்டாடுகிறீர்கள், நானும்தான். அவர் தன் ஆசானாக மதித்தது வெஸ்டர்ன் படங்களின் பேராசான் ஜான் ஃபோர்டை. குரோசவாவின் 'செவன் சாமுராய்' படத்தின் ஏழு வீரர்கள் 1960இல் 'தி மக்னிஃபிசென்ட் செவன்' என்ற வெஸ்டர்னாகி மெக்சிகோவின் எல்லையில் குதிரையேறினார்கள். 1975இல் கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளுக்கு நடுவில் அவர்களே ஜெய்யாகவும் வீருவாகவும் 'ஷோலே'யில் இறங்கினார்கள். குரோசவாவின் 'யோஜிம்போ'வை அனுமதி வாங்காமலே இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோன் 1964இல் வெஸ்டர்ன் ஆக்கினார், வழக்கும் வந்தது. நம்மிடமும் ஒளிப்பதிவாளர் கர்ணன் 1970இல் 'காலம் வெல்லும்', அதன் பிறகு 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றினார். குரோசவாவைப் போட்டுவிட்டு, அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடத்துக்கும் அவரிடம் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கும் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

உங்களில் சிலருடைய மறுப்பு இதைவிடக் கனமானது என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கும் அந்த மறுப்பு உண்டு. கல்லூரியில் படிக்கும்போது என்னோடு உட்கார்ந்து ஜான் ஃபோர்டின் 1939ஆம் ஆண்டுப் படமான 'ஸ்டேஜ்கோச்' பார்த்தாள். பூர்வகுடிகள் குதிரைகளில் துரத்திவந்து கொத்துக் கொத்தாக விழும் காட்சியில், வண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் கதை இருக்கிறது, வெளியே விழுகிறவர்களில் ஒருவருக்காவது ஏன் இல்லை என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அப்பாவோடு பார்த்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

1890 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவில் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா பூர்வகுடி மக்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல், அமெரிக்கப் படை சுட்டுக் கொன்றது. பதின்மூன்றே ஆண்டுகளில், 1903இல், எட்வின் போர்ட்டர் ஆரம்பகால வெஸ்டர்ன்களில் ஒன்றான 'தி கிரேட் ட்ரெயின் ராபரி' என்ற ரயில் கொள்ளைப் படத்தை எடுத்துவிட்டார். இரத்தம் காய்வதற்குள் புராணம் தொடங்கிவிட்டது. ஃபோர்டு திரும்பத் திரும்பப் படம் எடுத்த மான்யுமென்ட் வேலியின் செம்பாறைகள் நவஹோ மக்களின் நிலம். அந்த மக்களே கூலிக்கு வந்து, வேறு இனமான அப்பாச்சிகளாக நடித்து, கேமராவின் முன் சுடப்பட்டு விழுந்தார்கள். இதையெல்லாம் மறைத்துக்கொண்டு இந்தப் படங்களை ரசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசுங்கள், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பேசுங்கள். ஷையன், அரப்பஹோ பூர்வகுடி மரபில் வந்த கிறிஸ் அயர் 1998இல் இயக்கிய 'ஸ்மோக் சிக்னல்ஸ்' படத்தையும் அதே தொடரில் சேருங்கள். அதில் பூர்வகுடி இளைஞர்கள் பஸ்ஸில் போகும்போது ஜான் வேயினின் பல்லைப் பற்றிப் பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பாட்டின் வலி, வேயின் படங்களைப் பார்த்தவர்களுக்கே முழுதாக எட்டும். காட்டாமல் விட்டுவிட்டால் கேள்வியும் எழாது. என் மகளுக்கு அந்தக் கோபம் வந்தது படத்தைப் பார்த்ததால்தான்.

இந்த வகைப் படங்கள் செத்துவிட்டன என்று பல முறை அறிவித்தாயிற்று. 1992இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் வயதான கொலைகாரன் ஒருவனின் குற்ற உணர்வை வைத்து எடுத்த 'அன்ஃபர்கிவன்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. நியூசிலாந்துப் பெண்ணான ஜேன் கேம்பியன் 2021இல் தன் நாட்டு மலைகளையே அமெரிக்காவின் மொன்டானாவாக்கி ஒரு வெஸ்டர்ன் எடுத்து, இயக்கத்துக்கான ஆஸ்கரைப் பெற்றார்.

ஆனால் விருதுகளைவிட என்னை அசைத்தது ஸ்பெயினில் நடந்த ஒன்று. லியோன் 1966இல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் கடைசிக் காட்சிக்காக புர்கோஸ் மாகாணத்தில் ஒரு பள்ளத்தாக்கில் ஸ்பெயின் படைவீரர்களை வைத்து ஒரு பொய்க் கல்லறைத் தோட்டம் அமைத்தார். ஆயிரக்கணக்கான மேடுகள், நடுவில் கல் பாவிய வட்டம். படப்பிடிப்பு முடிந்ததும் போட்டது போட்டபடி போய்விட்டார்கள். மண்ணும் புல்லும் மூடி, மாடுகள் மேய்ந்தன. 2015இல் அந்தப் பகுதி மக்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்ட ஆரம்பித்தார்கள். கேள்விப்பட்டு வேறு நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படம் வந்தபோது பிறந்தே இராத இளைஞர்கள் குனிந்து புல்லைச் செதுக்கி அந்தக் கல் வட்டத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு, படத்தின் ஐம்பதாம் ஆண்டில், அந்த இடத்திலேயே திரை கட்டிப் படம் பார்த்தார்கள். உண்மையில் யாரையும் புதைக்காத ஒரு கல்லறைக்காக மனிதர்கள் வெயிலில் நின்று மண் அள்ளியிருக்கிறார்கள்.

அந்த வட்டத்தில் நடக்கும் மும்முனைச் சண்டையை என் பேரனோடு போன ஆண்டு பார்த்தேன். அவனுக்கு வயது பதினொன்று. என்யோ மோரிகோனேயின் அந்த விசில் இசை அவனுக்குப் படத்துக்கு முன்பே பழக்கம், எங்கே கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்று பேர் நிற்கிறார்கள். நிமிடக்கணக்கில் ஒரு சொல் இல்லை. கண், கை, மறுபடி கண். தாத்தா, ஏன் சுட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டான்.

அவனுக்கு அப்பாவின் தொழிலைச் சொன்னேன். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது, பேரம் பேசும் இருவரும் எதிராளியின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் கண்ணைத் தாழ்த்துகிறவனுக்கு நஷ்டம் என்பார் அப்பா. பேரன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னான். இருவருமாக மூன்று முறை பார்த்தோம்.

அதைப் பார்த்தது என் வீட்டுச் சிறிய டிவியில். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு மனிதன் அடிவானத்தில் எறும்பளவு புள்ளியாகத் தோன்றி நம்மை நோக்கி வளர்ந்துகொண்டே வருவதை உள்ளங்கையளவு கண்ணாடியில் எப்படிக் காட்டுவது? இந்தப் படங்களுக்குத் திரையின் அகலம்தான் உயிர். வீட்டில் யாராலும் தர முடியாத அந்த அகலம் உங்களிடம் இருக்கிறது.

ஆறு படங்கள் அதிகம் என்றால் இரண்டு போதும். ஒரு மாலை 'ஹை நூன்', மறு வாரம் 'ரியோ பிராவோ'. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிவரும் தாத்தா பாட்டிகளுக்கும். திரையிடும் உரிமைக்கான தொகையில் என் பங்கைத் தருகிறேன். தமிழில் துணைவசனம் இல்லையென்றால் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன், இந்த வேலை எனக்குச் சுமையாக இருக்காது. கூட்டம் வராது என்று நினைத்தால், சந்தை நாளில் ஊருக்குள் நான்கு துண்டறிக்கை கொடுத்துப் பாருங்கள். உங்கள் திரையிடலுக்கு இதுவரை வராத மனிதர்கள் வருவார்கள்.

அடுத்த தேர்வுக் கூட்டம் எப்போது என்று தெரிவியுங்கள். இந்த முறை பேரனையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் உறுப்பினன்